காமா கதிர் வெடிப்புகளின் தாய்ப் பேரடைகளை நீள் அலைகளில் நோக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காமா கதிர் வெடிப்பு சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அது நிகழ்ந்த பேரடையைப் பல ஆண்டுகள் கழித்தும் ஏன் நோக்க வேண்டும்?

வெடிப்பு எங்கே நிகழ்ந்தது என்பதை அறியாமல் அது எதனால் நிகழ்ந்தது என்று சொல்ல முடியாது. 1967-இல் வேலா செயற்கைக்கோள்கள் முதல் வெடிப்பைப் பதிவு செய்தன. 1973-இல் அந்தச் செய்தி வெளியிடப்பட்டது. அதற்குப் பின்னும் கால் நூற்றாண்டு காலம் இவை நம் பால்வீதிக்குள் நிகழ்கின்றனவா, வெளியே நிகழ்கின்றனவா என்பதே விவாதமாக இருந்தது. 1997 பிப்ரவரி 28 அன்று பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் கண்ட வெடிப்பின் பின்னொளிர்வு, அதாவது வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் ஒளி, எக்ஸ் கதிரிலும் கண்ணுறு ஒளியிலும் பிடிபட்டது. அவ்வாண்டு மே மாதம் நிகழ்ந்த ஜிஆர்பி 970508-க்குச் செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் கூடும் அளவு; தொலைவு கூடக்கூட இதுவும் கூடும்) குறைந்தது 0.835 என்று அளக்கப்பட்டபோது, இவை பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள பேரடைகளில், அதாவது கேலக்ஸிகளில், நிகழ்பவை என்பது உறுதியாயிற்று. (ஜிஆர்பி என்பது காமா கதிர் வெடிப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம்; பெயரில் உள்ள ஆறு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிக்கின்றன; ஒரே நாளில் ஒன்றுக்கு மேல் நிகழ்ந்தால் எழுத்தொன்று சேர்க்கப்படும்.)

இரண்டு நொடிக்கு மேல் நீடிக்கும் நெடுவெடிப்புகளில் பெரும்பாலானவை, நிறை மிகுந்த விண்மீனின் கரு உள்நோக்கிச் சரிவதால் எழுகின்றன. அத்தகைய விண்மீனின் ஆயுள் சில பத்து லட்சம் ஆண்டுகளே என்பதால், அது பிறந்த இடத்தை விட்டு வெகுதொலைவு போவதற்குள் மடிந்துவிடும். ஆகவே ஒரு நெடுவெடிப்பு, அந்த இடத்தில் அண்மைக் காலத்தில் விண்மீன்கள் பிறந்தன என்பதற்கான சான்று. இடையில் எவ்வளவு தூசு இருந்தாலும் காமா கதிர் அதைத் துளைத்துக்கொண்டு வரும். ஆனால் அந்தப் பேரடை எத்தகையது, அதில் ஆண்டுக்கு எவ்வளவு நிறை விண்மீன்களாக மாறுகிறது என்பவற்றைக் காமா கதிர் சொல்லாது. அதற்குத்தான் வெடிப்பு நிகழ்ந்த பேரடையையே, அதாவது தாய்ப் பேரடையையே, நோக்க வேண்டியிருக்கிறது.

நீள் அலைகள் என்று இங்கே எவற்றைச் சொல்கிறோம்?

தொலை அகச்சிவப்பு முதல் சப்மில்லிமீட்டர், மில்லிமீட்டர் அலைகள் வழியாக ரேடியோ அலைகள் வரை உள்ள பரப்பை இங்கே நீள் அலைகள் என்கிறோம். ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டரில் தொடங்கி, ஹைட்ரஜன் அணு உமிழும் 21 சென்டிமீட்டர் அலையையும் தாண்டி இது நீள்கிறது.

கண்ணுறு ஒளியில் பேரடை தெளிவாகத் தெரியும்போது நீள் அலைகள் எதற்கு?

கண்ணுறு ஒளியில் தெரிவது தூசு மறைக்காமல் விட்ட பகுதி மட்டுமே. இளம் விண்மீன்கள் பெரிதும் புறஊதாவில் ஒளிர்கின்றன. புறஊதாவைத்தான் தூசு மிக எளிதில் விழுங்குகிறது. விண்மீன்கள் பிறப்பதோ தூசும் வாயுவும் செறிந்த முகில்களில். ஆகவே விண்மீன் உருவாக்கம் எங்கே தீவிரமாக நடக்கிறதோ அங்கேதான் நம் பார்வையும் மிகுதியாக மறைக்கப்படுகிறது. விழுங்கிய ஆற்றலைத் தூசு தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. கெல்வின் அளவில் முப்பது நாற்பது பாகை வரை சூடேறி, அதே ஆற்றலைத் தொலை அகச்சிவப்பில் திரும்ப வெளியிடுகிறது. புறஊதாவில் காணாமல் போனதை அங்கே தேடிக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தத் துறையில் கூடுதல் காரணம் ஒன்றும் உண்டு. சில வெடிப்புகளுக்கு எக்ஸ் கதிர்ப் பின்னொளிர்வு வலுவாக இருந்தும் கண்ணுறு ஒளியில் ஒன்றும் தெரிவதில்லை. இவற்றை இருண்ட வெடிப்புகள் என்கிறோம். மிகத் தொலைவில் இருப்பதால் ஒளி முழுவதும் அகச்சிவப்புக்கு நகர்ந்துவிடுவது சில நேரம் காரணம். பெரும்பாலும் காரணம் தாய்ப் பேரடைக்குள் இருக்கும் தூசுதான். கண்ணுறு பின்னொளிர்வு கிடைத்த வெடிப்புகளை மட்டும் வைத்துத் தாய்ப் பேரடைகளைப் பட்டியலிட்டால், தூசு மிகுந்த பேரடைகள் அந்தப் பட்டியலில் இருந்து தாமாகவே விலகிவிடும். தொடக்க கால ஆய்வுகள் பலவும் இந்தச் சாய்வைச் சுமந்தவையே. 2004 நவம்பரில் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் செயற்கைக்கோள், எக்ஸ் கதிரிலேயே சில நொடிக்கோண (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு நொடிக்கோணம்) அளவுக்கு இடத்தைக் காட்டத் தொடங்கிய பிறகுதான் இது பெருமளவு சரியாயிற்று.

ரேடியோ அலைக்கும் விண்மீன் பிறப்புக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு சற்றுச் சுற்று வழியானது. சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன்கள் சூப்பர்நோவாக்களாக வெடிக்கின்றன. அந்த வெடிப்பின் எச்சங்களில் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு முடுக்கப்பட்டு, பேரடையின் காந்தப்புலத்தில் சுழன்று சின்க்ரோட்ரான் கதிர்வீச்சை வெளியிடுகின்றன. நிறை மிகுந்த விண்மீன்கள் எந்த வீதத்தில் பிறக்கின்றனவோ, சற்றுப் பின்தங்கி அதே வீதத்தில் இந்த ரேடியோ ஒளியும் எழுகிறது. தூசு இதைத் தடுப்பதில்லை. ஒரு பேரடையின் தொலை அகச்சிவப்பு ஒளிர்மைக்கும் ரேடியோ ஒளிர்மைக்கும் இடையே வியக்கத்தக்க நேர்த்தொடர்பு இருப்பதை அருகிலுள்ள பேரடைகளில் பலமுறை சோதித்திருக்கிறார்கள். அதன் துணையோடுதான் ரேடியோ அளவீட்டை விண்மீன் உருவாக்க வீதமாக மாற்றுகிறோம்.

இந்த வழியில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. விண்மீன் பிறப்பு மிக அண்மையில், சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் தொடங்கியிருந்தால் சூப்பர்நோவாக்கள் இன்னும் போதிய அளவில் நிகழ்ந்திருக்கமாட்டா. அப்போது ரேடியோ ஒளி உண்மையைக் குறைத்துக் காட்டும். மாறாக, பேரடையின் மையத்தில் இரை விழுங்கும் பெருங்கருந்துளை இருந்தால் அதுவும் ரேடியோவில் ஒளிர்ந்து வீதத்தைக் கூட்டிக் காட்டும்.

இந்த ஒளி எவ்வளவு மங்கலானது?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஆண்டுக்கு நூறு சூரிய நிறை அளவுக்கு விண்மீன்களை உருவாக்கும் பேரடை செம்பெயர்ச்சி 1-இல் இருப்பதாகக் கொள்வோம். 1.4 கிகாஹெர்ட்ஸில் அதன் பாய அடர்த்தி நம்மிடம் வந்து சேரும்போது ஏறத்தாழ 40 மைக்ரோஜான்ஸ்கியாக இருக்கும். ஒரு ஜான்ஸ்கி என்பதே ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு ஹெர்ட்ஸுக்கு, 10-இன் அடுக்கு −26 வாட். அதில் பத்து லட்சத்தில் நாற்பது பங்கு இது. நம் பால்வீதி ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரிய நிறையைத்தான் விண்மீன்களாக்குகிறது. அதே தொலைவில் பால்வீதியை வைத்தால் ஒரு மைக்ரோஜான்ஸ்கிகூடத் தேறாது.

நியூ மெக்சிகோவில் 25 மீட்டர் விட்டமுள்ள 27 வட்டில்களைக் கொண்ட ‘மிகப்பெரும் அணிவரிசை’ (VLA) என்ற ரேடியோ தொலைநோக்கி, மேம்படுத்தப்பட்ட பின் பல மணி நேரம் நோக்கி ஓரிரு மைக்ரோஜான்ஸ்கி இரைச்சல் அளவை எட்டக்கூடியது. ஆகவே நூறு சூரிய நிறைப் பேரடை அதற்குப் பிடிபடும். சாதாரணப் பேரடை பிடிபடாது. இந்தத் துறையின் முடிவுகள் பலவும் ‘காணப்படவில்லை’ என்று அமைவதற்குக் காரணம் இந்த எண்கள்தான், நோக்கியவர்களின் குறைபாடு அன்று.

ரேடியோவில் தெரிவது பேரடைதானா, வெடிப்பின் பின்னொளிர்வா என்று எப்படிப் பிரித்தறிவது?

இதுவே இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்வி என்பது என் கருத்து. விடை எளிதன்று என்பதை ஒப்புக்கொள்ளாத எந்த முடிவையும் நம்பக் கூடாது.

வெடிப்பிலிருந்து புறப்பட்ட தாரை (ஒளியின் வேகத்தை நெருங்கி இரு எதிர்த்திசைகளில் குவிந்து பாயும் பருப்பொருள்), சுற்றியுள்ள வாயுவில் மோதி எலெக்ட்ரான்களை முடுக்குகிறது. அவை சின்க்ரோட்ரான் ஒளியைத் தருகின்றன. பேரடையின் ரேடியோ ஒளியும் சின்க்ரோட்ரான்தான். இரண்டின் நிறமாலையும் அதிர்வெண் கூடக்கூட ஏறத்தாழ ஒரே சரிவில் இறங்குகின்றன. எனவே இரண்டு மூன்று அதிர்வெண்களில் அளந்து சரிவைப் பார்த்தால் மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. தொடக்க நாள்களில் ஓர் உதவி உண்டு: பின்னொளிர்வின் கோண அளவு மிகச் சிறியது என்பதால், நம் பால்வீதியில் பரவியுள்ள மின்னேற்ற வாயு (பிளாஸ்மா) அதை விண்மீன் போல மினுக்கச் செய்யும். ஜிஆர்பி 970508-இன் ரேடியோ ஒளி முதல் சில வாரங்களில் இப்படித் துடித்துப் பின்னர் அடங்கியதை வைத்தே தீப்பந்து பெருத்துவருவதை அறிந்தார்கள். பரந்த பேரடை மினுக்காது. ஆனால் மாதங்கள் கழிந்தபின் பின்னொளிர்வும் மினுக்கத்தை இழந்துவிடுவதால் இந்த உதவி நின்றுபோகிறது.

எஞ்சியிருப்பது காலம்தான். பேரடையின் ஒளி மாறாது, பின்னொளிர்வு மங்கும். பிந்திய கட்டத்தில் அது ஏறத்தாழ காலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதாகக் கொண்டால், ஓராண்டில் 100 மைக்ரோஜான்ஸ்கியாக இருந்தது பத்தாண்டில்தான் 10 ஆகும். அதாவது ஓராண்டுக்கும் ஈராண்டுக்கும் இடையில் பாதியாகக் குறைவது, ஆறாம் ஆண்டுக்கும் ஏழாம் ஆண்டுக்கும் இடையில் அளவீட்டுப் பிழைக்குள் மறைந்துபோகும் அளவுக்கு மெல்லக் குறைகிறது. ‘இரண்டு ஆண்டாக மாறவில்லை, ஆகவே இது பேரடை’ என்ற வாதம் எவ்வளவு இயல்பாகத் தோன்றுகிறதோ அவ்வளவு ஆபத்தானதும் ஆகும்.

அப்படி உண்மையிலேயே தவறு நேர்ந்திருக்கிறதா?

நேர்ந்திருக்கிறது. ஜிஆர்பி 980703 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. செம்பெயர்ச்சி 0.966-இல் நிகழ்ந்த இந்த வெடிப்பின் ரேடியோ ஒளி, சில நூறு நாள்களுக்குப் பின் குறைவதை நிறுத்திச் சமமானது. அது பேரடையின் ஒளியே என்று கருதி, அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 500 சூரிய நிறை விண்மீன்களாகிறது என்று 2001-இல் அறிவிக்கப்பட்டது. ஒரு வெடிப்பின் தாய்ப் பேரடை ரேடியோவில் கண்டறியப்பட்டதாக வந்த முதல் அறிவிப்பு இதுவே. அடுத்த சில ஆண்டுகளில் ரேடியோவிலும், ஹவாயில் உள்ள ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கியின் ஸ்கூபா கருவியைக் கொண்டு சப்மில்லிமீட்டரிலும் இன்னும் சில பேரடைகள் இத்தகைய பேரொளிர்மை உடையவை என அறிவிக்கப்பட்டன. இவற்றில் ஒரு புதிரும் இருந்தது. கண்ணுறு ஒளியில் நீல நிறமாய், தூசற்றதாய்த் தோன்றிய பேரடைகள் சில, நீள் அலையில் தூசு மண்டிய பேருலைகள் போலக் காட்டப்பட்டன.

ஸ்விஃப்டுக்கு முந்திய அத்தகைய ஐந்து இடங்களை மேம்படுத்தப்பட்ட மிகப்பெரும் அணிவரிசையால் மீண்டும் நோக்கிய முடிவுகள் 2017-இல் வெளியாயின. ஐந்தில் நான்கில், முன்பு சொல்லப்பட்ட அளவைவிட மிக ஆழமாக நோக்கியும் ஒன்றும் தென்படவில்லை. ஐந்தாவதான 980703-இல் ஒளி இருந்தது. ஆனால் பத்தாண்டுக்கு முன் இருந்ததைவிட வெகுவாக மங்கியிருந்தது. எஞ்சிய ஒளி முழுவதையும் பேரடைக்கே கொடுத்தாலும் வீதம் ஏறத்தாழ 80 சூரிய நிறைதான். அப்படியானால் அன்று ஒளி சமமானது ஏன்? நமக்கு எதிர்ப்புறம் பாய்ந்த இரண்டாவது தாரை வேகம் குறைந்து, அதன் ஒளி தாமதமாக நம் பக்கம் வந்து சேர்ந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். விண்மீன் வீசிய காற்றால் ஆன, வெளிநோக்கி அடர்த்தி குறைந்துசெல்லும் சூழலில், தாரையாகக் குவியாமல் எல்லாப் பக்கமும் விரிந்த வெடிப்பாகவும் அதை விளக்க முடிகிறது.

முன்னவர்கள் கவனக்குறைவாக நடந்துகொண்டதாக இதை வாசிக்கக் கூடாது. அவர்கள் தங்கள் கருவியின் எல்லையில், மூன்று நான்கு மடங்கு இரைச்சல் அளவிலான குறிகளை வைத்து உழைத்தார்கள். நாள், அதிர்வெண், பிழை அனைத்தையும் பதிந்து வைத்தார்கள். அந்தப் பதிவு இருந்ததால்தான் பின்னவர்கள் திருத்த முடிந்தது. திருத்தத்துக்குப் பின் படம் தெளிவாகியும் இருக்கிறது: தூசு மண்டிய பேரொளிர் பேரடையில் வெடிப்பு நிகழும்போது அதன் பின்னொளிர்வும் ஏறக்குறைய எப்போதும் தூசால் மறைக்கப்பட்டே இருக்கிறது.

சப்மில்லிமீட்டரில் இந்தக் குழப்பம் இல்லையா?

இங்கே நிறமாலை கைகொடுக்கிறது. தூசின் ஒளி அதிர்வெண் கூடக்கூடச் செங்குத்தாக ஏறும், பின்னொளிர்வு இறங்கும். ஆகவே இரண்டு அதிர்வெண்கள் போதும். மேலும், செம்பெயர்ச்சி கூடும்போது தூசு நிறமாலையின் உச்சி நம் நோக்கு அலையை நெருங்கி வருவதால், தொலைவால் வரும் மங்கலை அது ஈடுசெய்துவிடுகிறது. 850 மைக்ரோமீட்டரில், செம்பெயர்ச்சி 1-இல் இருக்கும் பேரடையும் 5-இல் இருக்கும் அதே ஒளிர்மையுடைய பேரடையும் ஏறத்தாழ ஒரே பிரகாசத்தில் தெரியும்.

குழப்பம் வேறு உருவில் வருகிறது. 15 மீட்டர் விட்டமுள்ள ஒற்றை வட்டில் 850 மைக்ரோமீட்டரில் காணும் புள்ளியின் அகலம் ஏறத்தாழ 14 நொடிக்கோணம். செம்பெயர்ச்சி 1-இல் ஒரு நொடிக்கோணம் என்பதே ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு. பதினான்கு நொடிக்கோணத்துக்குள் தொடர்பில்லாத பல பேரடைகள் விழுந்துவிடும். சிலியில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 அலைவாங்கிகளுடன் இயங்கும் ஆல்மா, ஒரு நொடிக்கோணத்துக்கும் குறைவாகப் பிரித்துக்காட்டுவதால் இந்தத் தடை பெரிதும் நீங்கியிருக்கிறது.

நுண்ணிய படம் கிடைத்துவிட்டால் எந்தப் பேரடை என்பதில் ஐயமே இராதா?

இருக்கலாம். ஜிஆர்பி 020819பி கண்ணுறு ஒளியில் இருண்டதாகவே இருந்தது; ரேடியோப் பின்னொளிர்வால் மட்டுமே அதன் இடம் அறியப்பட்டது. அந்த இடம் செம்பெயர்ச்சி 0.41-இல் உள்ள ஓர் அழகிய சுருள் பேரடையின் விளிம்புக்கு அருகே, சிறு மங்கல் திட்டு ஒன்றின்மேல் விழுந்தது. சுருளே தாய் என்று கொள்ளப்பட்டது. 2014-இல் வெளியான ஆல்மா படத்தில், கார்பன் மோனாக்சைடின் ஒளி சுருளின் மையத்தில் இருந்தது; தூசின் ஒளியோ வெடிப்பு நிகழ்ந்த திட்டில் இருந்தது. மூலக்கூறு வாயு ஓரிடத்திலும் தூசு வேறோரிடத்திலும் இருப்பது பெரும் வியப்பாகி, வெடிப்புச் சூழலில் மூலக்கூறு வாயு அழிக்கப்பட்டிருக்கலாம் என்ற விளக்கமும் எழுந்தது. 2017-இல் அந்தத் திட்டின் நிறமாலை கிடைத்தபோது அதன் செம்பெயர்ச்சி 1.96 என்று தெரிந்தது. தாய்ப் பேரடை பின்னால் வெகுதொலைவில் இருக்கிறது. சுருள் தற்செயலாக முன்னே நிற்கிறது. செம்பெயர்ச்சி 0.41-க்கான கார்பன் மோனாக்சைடு கோட்டைத் திட்டில் தேடினால் கிடைக்காததில் வியப்பில்லை. ஒரே ஓர் எண் மாறியதும் வியப்பு முழுவதும் கரைந்துபோயிற்று.

விண்மீன்கள் உருவாகும் வாயுவை நேரடியாகக் காண முடியுமா?

முடியும், ஆனால் அணு ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் கோடு மிக வலுவற்றது என்பதால் அருகிலுள்ள பேரடைகளில்தான். 1998 ஏப்ரலில் சூப்பர்நோவா 1998பிடபிள்யூ-வுடன் சேர்ந்து வந்த ஜிஆர்பி 980425, ஏறத்தாழ 12 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள சிறு பேரடையில் நிகழ்ந்தது. அதன் அணு ஹைட்ரஜனைப் புணே அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 வட்டில்களுடன் இயங்கும் மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி வரைபடமாக்கியது. வாயு சீராகச் சுழலாமல் குலைந்து கிடப்பது, அந்தப் பேரடை வேறொன்றுடன் மோதியோ இணைந்தோ இருக்கலாம் என்று காட்டியது. வெளியிலிருந்து வந்து சேர்ந்த புது வாயுவே இத்தகைய விண்மீன்களின் பிறப்பைத் தூண்டுகிறதா என்ற கேள்வி அதிலிருந்து வலுப்பெற்றது.

இதே பேரடையில் இன்னொன்றும் கண்ணுக்கு நெருக்கமாகத் தெரிகிறது. வெடிப்பு நிகழ்ந்த இடத்திலிருந்து சுமார் 2,600 ஒளியாண்டு தள்ளி, உல்ஃப்–ரேயே விண்மீன்கள் (வலுத்த காற்றால் வெளியடுக்கை இழந்துவரும், நிறை மிகுந்த சூடான விண்மீன்கள்) நிறைந்த ஒரு சிறு பகுதி இருக்கிறது. இடை அகச்சிவப்பில் பார்த்தால் பேரடை முழுவதையும் அந்த ஒரு புள்ளி விஞ்சி நிற்கிறது. கண்ணுறு ஒளியில் அதற்கு அத்தகைய முதன்மை இல்லை. தொலைவில் உள்ள பேரடைகளை ஒற்றைப் புள்ளியாகவே காணும் நாம், அந்தப் புள்ளிக்குள் இப்படிப்பட்ட ஏற்றத்தாழ்வுகள் ஒளிந்திருப்பதை மறந்துவிடக் கூடாது.

மூலக்கூறு ஹைட்ரஜன் தானே ஒளிர்வதில்லை என்பதால் கார்பன் மோனாக்சைடை வைத்து அதைக் கணக்கிடுகிறோம். உலோகச் செறிவு (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் அனைத்தும் உலோகங்களே) குறைந்த பேரடைகளில் கார்பன் மோனாக்சைடு எளிதில் சிதைந்துவிடும். ஆகவே அங்கே அது காணப்படவில்லை என்றால் மூலக்கூறு வாயுவே இல்லை என்று பொருள் கொள்ள முடியாது.

முடிவாக, நெடுவெடிப்புகள் எத்தகைய பேரடைகளில் நிகழ்கின்றன?

பெரும்பாலானவை சிறியவை, சூரியனைவிடக் குறைந்த உலோகச் செறிவு உடையவை. உலோகம் மிகுந்தால் விண்மீன் காற்று வலுத்து, வெடிப்புக்குத் தேவையான சுழற்சியை விண்மீன் இழந்துவிடும் என்பது வழங்கிவரும் விளக்கம். ஹெர்ஷல் விண்தொலைநோக்கியும் மேம்பட்ட ரேடியோ அணிவரிசைகளும், இருண்ட வெடிப்புகளின் தாய்ப் பேரடைகளுள் பெரியவையும் தூசு மிகுந்தவையும் உண்டு என்று காட்டியுள்ளன. செம்பெயர்ச்சி 2.1 அளவில் உள்ள ஜிஆர்பி 080207-இன் தாய்ப் பேரடை அவற்றுள் ஒன்று. அதில் கார்பன் மோனாக்சைடும் கண்டறியப்பட்டுள்ளது. நெடுவெடிப்புகள் விண்மீன் பிறப்பை முற்றிலும் சாய்வின்றிப் பின்தொடர்கின்றன என்பதும், தூசற்ற சிறு பேரடைகளில் மட்டுமே நிகழ்கின்றன என்பதும் இரண்டுமே பொருந்தா.

குறுவெடிப்புகளுக்கும் இது பொருந்துமா?

ஓரளவுக்கே. குறுவெடிப்புகள் நியூட்ரான் விண்மீன்கள் இணைவதால் எழுபவை; 2017 ஆகஸ்டில் ஈர்ப்பலையுடன் வந்த ஜிஆர்பி 170817ஏ, விண்மீன் பிறப்பு ஏறக்குறைய நின்றுபோன என்ஜிசி 4993 பேரடையில் நிகழ்ந்தது. இணைவதற்கு நூறு கோடி ஆண்டுகளும் ஆகலாம் என்பதால், அங்கே நீள் அலை அளவீடு வெடிப்பின் மூலத்தை நேரடியாகச் சுட்டுவதில்லை.

மிகத் தொலைவில் உள்ள தாய்ப் பேரடைகள்?

செம்பெயர்ச்சி ஏறத்தாழ 8.2-இல் நிகழ்ந்த ஜிஆர்பி 090423-இன் இடத்தை ஹபிள் தொலைநோக்கியும் ஆல்மாவும் ஆழமாக நோக்கின. இரண்டிலும் பேரடை தென்படவில்லை. வெடிப்பு நிகழ்ந்ததால் அங்கே விண்மீன்கள் பிறந்தன என்பது மட்டும் ஐயமற்றது. அந்தப் பேரடை எவ்வளவு சிறியதாக, எவ்வளவு தூசு குறைந்ததாக இருக்க வேண்டும் என்பதற்கு மேல்வரம்பு கிடைத்திருக்கிறது. பிரகாசத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் எந்தக் கணக்கெடுப்பும் இத்தகைய பேரடை இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டியிருக்காது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவுகளில் இதுவும் ஒன்று.

ஒன்றும் தென்படாவிட்டால் அதை எப்படிப் பதிவு செய்வது?

‘தென்படவில்லை’ என்று மட்டும் எழுதுவது பயனற்றது. வெடிப்பு நிகழ்ந்து எத்தனை நாள் கழித்து நோக்கப்பட்டது, எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு நேரம், இரைச்சல் அளவு என்ன, படத்தின் கற்றை அகலம் (தொலைநோக்கி ஒரே புள்ளியாகக் காணும் பரப்பின் அகலம்) எத்தனை நொடிக்கோணம் என்பவற்றைச் சொல்ல வேண்டும். கற்றை மிக நுண்ணியதாக இருந்தால் பரந்த பேரடையின் ஒளி பல கற்றைகளில் சிதறி, ஒவ்வொன்றிலும் இரைச்சலுக்குக் கீழே போயிருக்கலாம் என்பதால் கடைசி விவரம் இன்றியமையாதது. மேல்வரம்பைப் பாய அடர்த்தியாக முதலில் தர வேண்டும். விண்மீன் உருவாக்க வீதமாக மாற்றும்போது எடுத்துக்கொண்ட நிறமாலைச் சரிவையும், விண்மீன் நிறைகளின் தொடக்கப் பரவலையும் (எந்த நிறையில் எத்தனை விண்மீன்கள் பிறக்கின்றன என்பதையும்), தூசு வெப்பநிலையையும் அருகிலேயே குறிப்பிட வேண்டும். இருபது ஆண்டு கழித்து அதே இடத்தை வேறொருவர் நோக்கும்போது, அவருக்குத் தேவைப்படுவது அந்த வீதம் அன்று, அந்தப் பாய அடர்த்தியும் அந்த நாளும்தான்.